கேட்டதற்கு மேல் கொஞ்சம்

மாடி அக்காவிடம் எதைக் கேட்டாலும் கேட்டது மட்டும் வராது. கூடவே ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் இதை நல்ல குணம் என்றுதான் சொல்வார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது தெருவில், நான்கு வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம் அது. கீழே இரண்டு, மேலே இரண்டு. எங்கள் தலைக்கு நேர் மேலே அவர் வீடு. அவர் கணவர் குரோம்பேட்டையில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருந்தார். நாங்கள் குடிவந்த மறுநாள் காலையில் படியிறங்கி வந்துகொண்டிருந்தவரிடம், "அக்கா, குரோம்பேட்டைக்கு எந்த பஸ் போகும்?" என்று கேட்டேன். நம்பர் சொல்லியிருந்தால் போதும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வழியில் மருந்துக்கடையில் நிறுத்தி, "புது டீச்சர், நம்ம வூட்டுக்குக் கீழ வந்துகீறாங்க" என்றார். காய்கறிக்கடையிலும் அதே. பஸ் வந்ததும் ஏறவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம், "டீச்சரைப் பாத்து எறக்கி வுடுங்க, ஊருக்குப் புதுசு" என்று சத்தமாகச் சொன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு லேட்.

நான் டீச்சர்கூட இல்லை. குரோம்பேட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டென்ட். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"டீச்சர் இல்லைக்கா. லேப்ல பாட்டில் கழுவி, ஆசிட் கலந்து வைக்கிற வேலை."

"யாருக்கு வெக்கிறீங்க?"

"பசங்களுக்குத்தான்."

"அப்ப டீச்சர்தான்."

என் வேலைக்கு ஒரு புத்தி உண்டு. பத்து மில்லி என்றால் பத்து மில்லி. பதினொன்று ஊற்றிவிட்டு, ஒரு மில்லி அன்பாகச் சேர்த்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்று என் கணவர் அடிக்கடி குறைபட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவர் மாடியில் வாய்த்தார்.

ஒருமுறை மாமியார் ஊருக்குப் போயிருந்த சமயம், என் வேலை நிரந்தரமாவது சம்பந்தமாக ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. அடைமழை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் போட்டு, வாங்கி மட்டும் வையுங்கள் அக்கா என்றேன். 'மட்டும்' என்று அழுத்திச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாங்கினார். கவர் நனைந்திருக்கிறதே என்று பிரித்தார். காகிதத்தை ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். சுருங்கிவிட்டதே என்று இஸ்திரி போட்டார். சாயங்காலம் புத்தம்புதுக் கவரில் போட்டு, கோந்து ஒட்டி, என் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் அதிகாரியின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் ஒன்றோடொன்று கலந்து ஊதாக் குளமாகக் கிடந்தன. அந்தக் கடிதத்துக்கு நகல் வாங்க நான் நாலு நாள் அலைந்தேன். அவரோ போகிற வருகிறவர்களிடம், டீச்சர் லெட்டரைக் காப்பாத்தினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாடும் வரும். அதுதான் பெரிய சங்கடம். வெள்ளிக்கிழமையானால் சேமியா, யாராவது ஊரிலிருந்து வந்தால் தேங்காய் பர்பி, காரணமே இல்லாமல் ஒருநாள் ரவைக் கேசரி. நாங்கள் சைவம். கறி வேகிற அடுப்பில் வெந்தது எதையும் என் மாமியார் வாயில் வைக்கமாட்டார். ஆனால் வாசலில் முகம் நிறையச் சிரித்து, இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கிக்கொள்வார். வாங்கியது நேரே பின்பக்கத் துணி துவைக்கும் கல்லின் மேல் போய் உட்காரும். காலையில் வேலைக்கு வரும் அம்மா எடுத்துப் போவார். பாத்திரத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்கக்கூடாது என்று ஒரு கரண்டி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்போம். "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லுவது என் பொறுப்பு. எனக்கும் சாப்பிட மனசு வந்ததில்லை. மாமியார்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள இப்போது நான் தயாராக இல்லை.

இந்த லட்சணத்தில் மீன் வந்தது.

அப்போது ஊரில் இருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் சினிமாவில் வந்த அந்த ஆரஞ்சு மீன்மேல் ஒரு பைத்தியம். உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். எங்களுக்குக் குழந்தை இல்லை, பைத்தியம் என் கணவருக்குப் பிடித்தது. ஹாலில் இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி. கோவளத்துப் பக்கம் கடலுக்குள் போய் கேன் கேனாக மொண்டு வந்த உப்புத்தண்ணீர். மோட்டார், விளக்கு, பவளப்பாறைத் துண்டுகள். எல்லாம் பழகி, தண்ணீர் தெளிய ஒன்றரை மாதம் ஆனபிறகு இரண்டு மீன்கள். பெரியது பெண், சின்னது ஆண். இந்த இனத்தில் பெண்தான் எஜமானி, அது தின்று முடித்துத்தான் ஆணுக்கு என்று கணவர் விளக்கியபோது மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், கணவரை ஆபீஸில் புனேவுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷ புராஜெக்ட். போவதற்கு முன் ஒரு தாளில் பதினோரு விதிகள் எழுதித் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். தீனி போடும்போது மோட்டாரை நிறுத்தவும். ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதே. ஐந்து நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிடவும். மாமியாரைப் பற்றி ஒரு விதியும் இல்லை. தினம் ஏழு மணிக்குப் போன் வரும். முதல் கேள்வி, "சாப்பிட்டுச்சா?" என்னைத்தான் கேட்கிறார் என்று முதல் நாள் நினைத்து, தோசை சாப்பிட்டேன் என்று சொல்லி அசடு வழிந்தேன்.

சாப்பிடவில்லை என்பதுதான் விஷயம். கடையில் கொடுத்த உருண்டைத் தீனியை இரண்டும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீன் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். மாதத்துக்கு ஒருமுறை கடல்தண்ணீர் மாற்ற வருகிறவரும் அவர்தான்.

"ஃப்ரெஷ் எறால் வாங்கி, தோல் உரிச்சு, பொடிப்பொடியா நறுக்கி ஃப்ரீஸர்ல வெச்சுக்கங்க மேடம். தினம் ஒரு துளி. கடல் மீனு, கடல்ல கீறதத்தான் கேக்கும்."

மாமியாரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இதுக்குள்ள மாவு இருக்கு, பால் இருக்கு, சாமிக்குப் பூ இருக்கு. இறால் வரணும்னா இதெல்லாம் வெளிய போகட்டும். கூட நானும் போறேன்."

மீன் செத்தால் அது பசியில் செத்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு மீனைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்றுதான் சொல்லுவார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. "பார்த்துக்கொள்ளத் தெரியாதவள்" என்ற பேச்சு எந்த வழியில் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மீன் இரண்டும் பிழைத்தே ஆகவேண்டும் என்று படியேறினேன்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாடி அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க வூட்ல வாரத்துக்கு ரெண்டு நாளு எறாதான் டீச்சர். உங்க மீனுக்கு எடுத்து வெக்கிறதுல இன்னா வந்துச்சு?"

"பொடியா நறுக்கினா போதும்க்கா. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"நான் பாத்துக்கறேன், நீ போ." அன்றைக்குத்தான் முதன்முதலாக 'நீ' என்றார்.

ஏற்பாடு இப்படி. செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். சமையலறைக்குள் அதற்கு அனுமதி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். அக்கா ஃப்ரீஸரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஒரு ஸ்பூன் போடுவார். நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, லேபிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் துளித் துளியாக எடுத்துத் தண்ணீருக்குள் விடுவேன்.

பெரிய மீன் பாய்ந்து வந்து வாயில் வாங்கியது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி துப்பியது. மறுபடி வாங்கியது. மறுபடி துப்பியது. மென்று தின்கிற மீன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சின்னது ஒருமுறை வாயில் வாங்கிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனதுதான், அப்புறம் பக்கத்திலேயே வரவில்லை.

நாலைந்து நாளில் தண்ணீரின் மேல் நுரை கட்ட ஆரம்பித்தது. கணவர் போனில், "துப்புதுன்னா தண்ணி சரியில்லைன்னு அர்த்தம். நீ என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. லேபிலிருந்து ஹைட்ரோமீட்டர் கொண்டுவந்து உப்பின் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. தெர்மாமீட்டர் போட்டேன். சரி. ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துப்போய் மதிய இடைவேளையில் லேபில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் புத்தகத்தில் போட்டபடியே இருந்தது. மீன் மட்டும் இளைத்துக்கொண்டே போனது. சின்னதின் வயிறு உள்ளே ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தொட்டியின் மூலையில் ஒரே இடத்தில் நின்று, துடுப்பை ஆட்டிக்கொண்டிருக்கும். தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து, தின்னேன் சனியனே என்று கெஞ்சியிருக்கிறேன். பல நாள் அழுதும் இருக்கிறேன். மாமியார் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்.

"சரியா தின்ன மாட்டேங்குதுக்கா" என்று மாடியில் சொன்னேன்.

"அப்பிடியா? நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா. மறுநாளிலிருந்து இறால் துண்டுகளில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. இறாலின் கண்ணாக இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் தண்ணீர் கேன்களோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. சின்ன மீன் அன்று ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது, மூச்சு மட்டும் இருந்தது.

"இன்னாங்க மேடம் போடறீங்க இதுக்கு?"

கிண்ணத்தை நீட்டினேன். இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் மேடம் எறால் மஞ்சளா கீது?"

"இறால் மஞ்சளாத்தானே இருக்கும்?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மஞ்சத்தூளு, உப்பு, எலுமிச்சம்பழம். இது இன்னா, மெளகுத்தூளா? மொளகாத்தூள் ஒண்ணுதான் மேடம் பாக்கி. அதையும் தடவி, எண்ணெயில ரெண்டு திருப்பு திருப்பிப் போட்டிருந்தீங்கன்னா நானே தின்னுட்டுப் போயிருப்பேன்."

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் வேலைகளில் ஒன்று, பிளஸ் டூ பசங்கள் காரம் சோதிக்கக் காகிதத்தை மஞ்சள்தூள் கரைசலில் முக்கி, உலர்த்தி, நறுக்கி வைப்பது. வருஷத்துக்கு ஆயிரம் துண்டு நறுக்குகிறவள். மஞ்சளைத் தினமும் கையில் வைத்துக்கொண்டு, இறாலை அதுவரை வாழ்க்கையில் பார்த்திராத ஒரே காரணத்தால், ஐந்து வாரம் என் கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் என்மேல்தான் வந்திருக்கவேண்டும். மாடிப்படி ஏறுவதற்குள் அது ஆளை மாற்றிக்கொண்டது.

கதவைத் திறந்தவர் கையில் கரண்டி இருந்தது. உள்ளே அவருடைய நாத்தனாரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று கிண்ணத்தைக் காட்டினேன்.

"இதுல என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்லயே. உப்பு, மஞ்சள் போட்டுக் கழுவினேன். எறான்னா கழுவாம எப்பிடி? உங்க வூட்ல கவுச்சி வாடை வந்தா அம்மாவுக்கு ஆவாதேன்னு எலுமிச்சம்பழம் அரை மூடி புழிஞ்சேன்."

"மிளகு?"

"நீதானே தின்னலன்னு சொன்ன. பசி எடுக்கட்டும்னு ஒரு சிட்டிகை..."

"அது மீனுக்குக்கா! மனுஷாளுக்கு இல்ல! வெறும் இறால்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு வேலையச் சொன்னா சொன்ன மாதிரி செய்யவே தெரியாதா உங்களுக்கு? எதைக் கேட்டாலும் அதுக்கு மேல ஒண்ணு. யார் கேட்டா அதை?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"நீங்க குடுக்கிறது எதையுமே எங்க வீட்ல யாரும் தொடறதுகூட இல்லைக்கா. எல்லாம் வேலைக்கார அம்மாவுக்குத்தான் போகுது. இதாவது ஒழுங்கா வரும்னு பாத்தா இதுலயும் உங்க கைவரிசை."

உள்ளே நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கரண்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும் டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அந்தம்மா நம்ம வூட்லயும் தானே பாத்திரம் தேய்க்குது. சேமியா நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே என்கிட்டயே சொல்லிச்சு."

நான் கிண்ணத்தைக் கீழே இறக்கினேன்.

"உங்க வூட்ல என் கையால சாப்புடறது அதுங்க ரெண்டுதான். அதான் வெறும்னே குடுக்க மனசு வரல."

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வேறு இறாலை வெறும் தண்ணீரில் கழுவி, நறுக்கி, கொண்டுவந்து கொடுத்தார். இறால் மஞ்சள் இல்லை. சாம்பல் கலந்த வெள்ளை. முதன்முதலாகப் பார்த்தேன்.

பெரிய மீன் பாய்ந்து வந்து முழுங்கியது. துப்பவில்லை. சின்னதுக்குக் கடைக்காரரே இடுக்கியில் பிடித்து வாயருகே கொண்டுபோனார். இரண்டு நாள் அப்படி ஊட்டியபின் அது நிமிர்ந்தது. பத்து நாளில் வயிறு தெரிந்தது. மாதக் கடைசியில், நான் தொட்டிக்குப் பக்கத்தில் போனாலே இரண்டும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன. கணவர் போனில், "பரவாயில்லையே, தேத்திட்டே" என்றார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த பெரிய பாராட்டு அது. மாமியார்கூட, வருகிறவர்களிடம் மீனைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

மாடியிலிருந்து இறால் வருவது நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். ஆறு மணிக்குப் போவேன். அக்கா கதவைத் திறப்பார். ஒரு ஸ்பூன், தலை தட்டி. வெறும் இறால். "போதுமா டீச்சர்?" என்பார். போதும் என்பேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஏறுவேன், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்குவேன். ஒருநாள் சப்பாத்திக்கட்டை உடைந்துபோனதென்று இரவல் கேட்டேன். சப்பாத்திக்கட்டை வந்தது. வேறொரு நாள் கேஸ் புக் பண்ண நம்பர் கேட்டேன். நம்பரைச் சொன்னார். அவரே புக் பண்ணிவிட்டு வந்து சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. வேலைக்கு வரும் அம்மா ஒருநாள் துவைக்கும் கல்லைப் பார்த்துவிட்டு, "மாடியில இப்பல்லாம் ஒண்ணும் செய்யறதில்லையாம்மா?" என்று என்னிடம் கேட்டார். எரிந்து விழுந்தேன்.

நான் ஆசைப்பட்டது இதைத்தான். கேட்டதைக் கேட்ட அளவில் கொடுக்கும் ஒரு மாடி அக்கா. பத்து மில்லி என்றால் பத்து மில்லி. அது கிடைத்தபின் அந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செப்டம்பரில் ரம்ஜான் மாதம் பிறந்தது. வருஷா வருஷம் அந்த மாதத்தில் அவர் வீட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் நோன்புக் கஞ்சி வரும். மூடி போட்ட தூக்கில், சுடச்சுட, அவரே கொண்டுவருவார். அந்த வருஷம் சாயங்காலம் படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்கும். எதிர்வீட்டுக் கதவு தட்டப்படும். "வாங்கம்மா, வாங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லுவார். பின்பு அவர் படியேறிப் போகிற சத்தம். எங்கள் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே நாலு அடிகூட இருக்காது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். பசியால் இல்லை. ஆனால் பசித்தவள்போல்தான் நின்றேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள், நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சமையலறைக்குள் போய் எங்கள் பாத்திரம் ஒன்றை எடுத்தேன். செருப்பு ஸ்டாண்டுக் கிண்ணம் இல்லை, நாங்கள் சாப்பிடுகிற பாத்திரம்.

"எங்க கிளம்பிட்டே அதை எடுத்துக்கிட்டு?" என்றார் மாமியார்.

"மாடிக்கு. கஞ்சி வாங்கிட்டு வரேன்."

"யாருக்கு?"

"எனக்கு. குடிக்கப் போறேன்."

அவர் என்ன சொன்னார் என்று காதில் வாங்காமல் படியேறினேன். அக்கா கதவைத் திறந்தார். உள்ளே பாய் விரித்து, தட்டுகள் வைத்து, எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். இறாலுக்கு இவ்வளவு பெரிதா என்று யோசித்திருப்பார்.

"அக்கா, எனக்குக் கஞ்சி வேணும்."

"யாருக்கு டீச்சர்? ஆள் யாராச்சும் வந்துகீறாங்களா?"

"எனக்குத்தான். நான் குடிக்கிறதுக்கு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல ஏதோ இளகிக்கொண்டு வந்தது. அந்தப் பழைய சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். அதற்குப் பதில் அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இந்த வருசம் கறி போட்டுட்டேனே டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"போன வருசம் வரைக்கும் வெறும் பருப்பும் தேங்காப்பாலும்தான். நீங்க குடிவந்ததுலேர்ந்து அப்பிடித்தான் காய்ச்சினேன். குடிக்கிறீங்களோ இல்லியோ, உங்க வூட்டுக்கும் போவுதில்ல, அதுல கறி போடலாமா? உங்களுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டின்னு பிரிக்கவும் மனசு ஒப்பல. நோன்பு வெச்சுட்டு வர புள்ளைங்க, ஏம்மா இப்பிடிச் சப்புனு காய்ச்சறன்னு வருசா வருசம் கத்தும். இந்த வருசந்தான், உங்க வூட்டுக்குத் தர்றதில்லையேன்னு..."

நாலு ரம்ஜான். நாலு வருஷம் ஒரு வீடு முழுக்க எனக்காகக் கறியில்லாத கஞ்சியைக் குடித்து நோன்பு திறந்திருக்கிறது. அது ஒவ்வொரு நாளும் சுடச்சுட எங்கள் வாசலுக்கு வந்து, துவைக்கும் கல்லின்மேல் ஆறிப்போயிருக்கிறது.

"நாளைக்கு வேணும்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. உள்ளே எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் அக்காவுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. அவர் உள்ளே ஒருமுறை பார்த்தார், என் பாத்திரத்தைப் பார்த்தார்.

"இப்ப வேற இன்னா வேணும்னு சொல்லு டீச்சர். எடுத்துத் தர்றேன்."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எதையாவது கேட்டிருக்கலாம். ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், உள்ளே வந்து உட்காரட்டுமா என்றாவது. ஒன்றும் கேட்க வரவில்லை.

"ஒண்ணும் வேணாம்க்கா" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். சொன்னபடியே ஒன்றும் கொடுக்கவில்லை.